கண் உயரம் 109

ஜூன் 3, செவ்வாய்

இன்று முதன்முதலாக ஒரு வீட்டுக்கு என் பொறுப்பில் அனுப்பினார்கள். எங்கள் கம்பெனி வீடுகளில் ஹோம் தியேட்டர் அமைத்துத் தருவது. இந்த வீட்டில் கேட்டது வேறு.

சரவணம்பட்டி, தெய்வசிகாமணி சார். வயது அறுபத்தொன்று. பம்ப் மோட்டார் ஃபவுண்டரியை மகனிடம் விட்டுவிட்டு, மாடி அறையில் ஒரு சிறிய விமானத்தின் முன்பகுதியைக் கட்டி வைத்திருக்கிறார். பிளைவுட்டும் அலுமினியமும். எட்டு மாத வேலையாம். சுவிட்சுகள், கைப்பிடி, கால் பெடல்கள் எல்லாம் இருக்கின்றன. வெளியே தெரிய வேண்டிய வானமும் ஓடுதளமும்தான் இல்லை. மூன்று மானிட்டரா, ஒரே பெரிய டிவியா, வளைந்த திரையும் புரொஜக்டர்களுமா, தலையில் மாட்டும் ஹெட்செட்டா என்று பார்த்துச் சொல்வது என் வேலை.

எந்தத் திரையானாலும் முதலில் தெரிய வேண்டியது, ஓட்டுபவரின் கண் எவ்வளவு உயரத்தில், எவ்வளவு முன்னால் இருக்கிறது என்பது. அந்த இடத்திலிருந்து பார்த்தால் மட்டுமே தொடுவானம் சரியான மட்டத்தில் நிற்கும், தூண்கள் நேராக இருக்கும்.

"பேரு என்ன அம்மிணி?"

"மகுடேஸ்வரிங்க சார்."

"கொடுமுடியா? அந்தக் கோயில் சாமி பேராச்சே. பேருலயே ஊரு ஒட்டியிருக்குது பாரு."

நான் டேப்பை எடுத்ததும் சிரித்தார். "என்னம்மா, எனக்குச் சட்டை தைக்கப் போறியா?" டீ கொண்டுவந்த அவர் மனைவி கமலவேணி அம்மாவும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். "நீ உக்காந்து பாரு, எப்பிடி இருக்குதுன்னு" என்றார். உட்கார்ந்தேன். பெடலுக்குக் கால் எட்டவில்லை. இருக்கையை முன்னால் இழுத்துக்கொண்டேன். அவருக்குப் போன் வந்து கீழே போய்விட்டார். எங்கள் டெக்னீசியன் பெர்னாட் அண்ணன் வண்டியில் வயர் எடுக்கப் போயிருந்தார்.

அளவுகள் எடுத்தாயிற்று. கண் உயரம் 109 செ.மீ. கண்ணிலிருந்து முன்சட்டத்துக்குத் தூரம் 58.

ஜூன் 5, வியாழன்

நான்கு பக்க அறிக்கை. மூன்று மானிட்டர் போதும் என்று எழுதினேன். அறை சின்னது, ஜன்னல் பக்கம் வெளிச்சம் வருகிறது, புரொஜக்டர் வைத்தால் ஜன்னலை மூட வேண்டும். எங்கள் மேனேஜர் மனோகரன் சார் படித்துவிட்டு என் பெயரை எடுத்துவிட்டுத் தன் பெயரைப் போட்டு அனுப்பினார். போனில் வாடிக்கையாளரிடம், "நான் உக்காந்து ஃபுல்லா ஒர்க் அவுட் பண்ணிட்டேன் சார்" என்று அவர் சொன்னது என் மேசை வரை கேட்டது. என் மேசை தண்ணீர் கேன் பக்கத்தில் இருக்கிறது. எல்லாம் கேட்கும்.

பிறகு கூப்பிட்டார். "கண் உயரம் நூத்தியொம்பதா? ஆள் குள்ளமா?"

"உட்கார்ந்த நிலையிலங்க சார்."

"ஓ."

நான் சொன்னது பொய்யில்லை.

ஜூன் 10, செவ்வாய்

மானிட்டர்கள் மாட்டியாயிற்று. நானும் பெர்னாட் அண்ணனும் போயிருந்தோம். தெய்வசிகாமணி சார் குளித்து, நெற்றியில் திருநீறு வைத்து, புதுச் சட்டை போட்டு வந்து உட்கார்ந்தார். சுவிட்சுகளை ஒவ்வொன்றாகப் போட்டார். உதடு அசைந்துகொண்டே இருந்தது, மனப்பாடப் பகுதி ஒப்பிப்பது போல.

கோயம்புத்தூர் ஓடுதளத்தில் இறங்க மூன்று முறை முயன்றார். மூன்று முறையும் ஓடுதளத்துக்கு முன்னாலேயே தரையில் மோதியது.

"பிளேன் மூக்கு மேல தூக்கிட்டே நிக்கற மாதிரி தெரியுது. கீழ அமுக்குனா குத்திருது" என்றார். "செரி, நமக்குத்தான் கை பழகல போலிருக்குது."

"பழகப் பழகச் செரியாயிருங்க சார்" என்றார் பெர்னாட் அண்ணன். நான் மானிட்டர் அட்டைப்பெட்டிகளை மடித்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 12, வியாழன்

போன் வந்தது. திரும்பும்போது மின்கம்பங்கள் வளைகின்றனவாம். இரண்டு நாளாகத் தலை பாரமாம். மனோகரன் சார், "நடுவுல மானிட்டர் சட்டம் வருதில்ல, அதான் கண்ணை உறுத்துது. பெரிய டிவி ஒண்ணு வெச்சுரு" என்று முடிவு செய்தார். மூன்று மானிட்டர் என்று கையெழுத்துப் போட்டவர் அவர்தான் என்பதை யாரும் சொல்லவில்லை.

டிவிக்கும் அதே அளவுத் தாளை அனுப்பினேன்.

விடுதியில் தண்ணீர் இல்லை. வார்டனிடம் கேட்க நான்கு பேர் சேர்ந்து போனோம். பேசியது மற்ற மூன்று பேர்.

ஜூன் 14, சனி

டிவியில் ஆறு நிமிடம் ஓட்டினார். இறங்கி நேராகக் குளியலறைக்குப் போனார். வாந்தி எடுக்கும் சத்தம் கேட்டது.

கமலவேணி அம்மா என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டு மெதுவாகப் பேசினார்கள். "இவுங்க அண்ணனுக்கு இப்பிடித்தான் ஆரம்பிச்சுது, கண்ணு. தலை கிறுகிறுங்குது, கோடெல்லாம் கோணலாத் தெரியுதுன்னாரு. மூணு மாசத்துல ஒரு பக்கம் விழுந்துருச்சு. இப்ப பேச்சே இல்ல. அதையே நெனச்சிட்டு இருக்கறாரு. வெளிய சொல்ல மாட்டாரு." என்னிடம் ஒரு டம்ளர் எலுமிச்சைச் சாறு கொடுத்தார்கள். அவருக்குக் கலந்ததில் மீதி.

குடித்தேன். டம்ளரைக் கழுவி வைத்தேன்.

ஜூன் 16, திங்கள்

ஹெட்செட்டைக் கொடுத்துப் பார்க்க பெர்னாட் அண்ணன் மட்டும் போனார். எனக்கு ஆபீசில் வேலை இருக்கிறது என்று நானே சொல்லிக்கொண்டேன்.

திரும்பி வந்து, "மகுடி, ஒரு கூத்தைக் கேளு" என்றார். அவர் மட்டும்தான் என்னை மகுடி என்று கூப்பிடுவார். "அதை மாட்டுனா நல்லா இருக்கறவனுக்கே வாந்தி வரும். இவரு ஜம்முனு மூணு தடவை எறக்கறாரு. ஒரு தடவை கூட இடிக்கல. தலை சுத்தல் ஒண்ணுமில்லீங்கறாரு."

"அப்போ அதையே வாங்கிக்கறாரா?"

"எங்க? கழட்டிக் கையில குடுத்துட்டாரு. 'என்ற கையையே என்னால பாக்க முடியல. எட்டு மாசம் சுவிட்ச் மாட்டுனது எதுக்கு?'ங்கறாரு. செரிதானே."

ஹெட்செட்டில் மட்டும் ஏன் தலை சுற்றவில்லை என்று பெர்னாட் அண்ணன் கேட்டுக்கொண்டே இருந்தார். ஹெட்செட்டுக்கு எங்கள் அளவுத் தாள் தேவையில்லை. அது தலை இருக்கும் இடத்தைத் தானே கண்டுகொள்ளும். இதை நான் அவரிடம் சொல்லவில்லை. விடுதிக்கு வந்து துணி துவைத்தேன். வேண்டியதைவிட அதிகம் துவைத்தேன்.

ஜூன் 18, புதன்

வளைந்த திரை, மூன்று புரொஜக்டர். ஜன்னலை முழுக்க மூடிவிட்டது. பெர்னாட் அண்ணன் நான்கு மணி நேரம் முழங்காலில் நின்று மூன்று புரொஜக்டரின் கட்டக் கோடுகளையும் ஒன்றோடொன்று சேர்த்தார். 109, 58 என்று நான் தாளைப் பார்த்து வாசித்தேன். அவர் மென்பொருளில் தட்டினார்.

தெய்வசிகாமணி சார் நான்கு நிமிடம் உட்கார்ந்தார். இறங்கும்போது கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். யாரையும் பார்க்காமல், "திரையில ஒண்ணும் கோளாறு இல்ல தம்பி. நீங்க போங்க" என்றார்.

ஆபீசில் எல்லோர் முன்னாலும் மனோகரன் சார் பெர்னாட் அண்ணனைப் பிடித்துக்கொண்டார். "பதினோரு வருஷ சர்வீஸ். ஒரு கோட்டை நேரா வைக்கத் தெரியல. உனக்குக் கண்ணு தெரியுதா, இல்ல செக்அப்புக்கு அனுப்பட்டுமா?" பெர்னாட் அண்ணன் வாட்டர் கேனையே பார்த்துக்கொண்டு நின்றார். அதாவது என் மேசையை. சாப்பாட்டு நேரத்தில் டிபன் பாக்ஸைத் திறக்கவே இல்லை. இனிமேல் இந்த வீட்டு வேலையில் அவர் இல்லை என்று மாலையில் சொல்லிவிட்டார்கள்.

எனக்கு எரிச்சலாக இருந்தது. மனோகரன் சார் மேல், அந்த வளைந்த திரை மேல், பஸ்ஸில் என் தோளில் பையை இடித்துக்கொண்டு நின்ற பெண் மேல்.

ஜூன் 19, வியாழன்

தாளில் அந்த எண்ணைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

ஜூன் 20, வெள்ளி

கமலவேணி அம்மா என் போனுக்கே கூப்பிட்டார்கள். திங்கட்கிழமை தலைக்கு ஸ்கேன். மகன் சபரீஷ் வந்து கார் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டாராம். "முப்பத்தஞ்சு வருஷமா ஓட்டுற மனுசன். சாவிய மேசை மேல வெச்சுட்டுப் பேப்பரை எடுத்து மூஞ்சிய மறைச்சுக்கிட்டாரு. மாடிக்கே போறதில்ல. அந்த ரூமைப் பூட்டியாச்சு. நீங்க வந்து சாமானெல்லாம் எடுத்துட்டுப் போயிருங்க கண்ணு."

இனி எழுதாமல் இருக்க முடியாது.

109 என் கண் உயரம். அவருடையது இல்லை. அவர் கண்ணை அளக்க வேண்டுமானால் அவரை உட்காரச் சொல்ல வேண்டும், அசையாமல் இருக்கச் சொல்ல வேண்டும், அவர் முகத்துக்குப் பக்கத்தில் போய் கண்ணோரத்தில் டேப்பைப் பிடிக்க வேண்டும். வாசலில் அவர் மனைவி நின்றார்கள். சட்டை தைக்கப் போறியா என்று சிரித்தார். அத்தோடு என் வாய் அடைத்துவிட்டது. வீட்டில் அப்பா கட்டிலில் உட்கார்ந்திருந்தால் நான் எதிரே போகாமல் கொல்லைப்பக்கமாகச் சுற்றிப் போவேன். நாலு வருடம் என்ஜினீயரிங் படித்தும் அந்தச் சுற்றல் போகவில்லை. அவர் கீழே போனதும் நானே உட்கார்ந்து என் கண்ணை அளந்து எழுதிவிட்டேன். அப்புறம் சரிசெய்துகொள்ளலாம் என்று நினைத்தேன். ஆபீஸில் யாராவது கண்டுபிடித்துத் திட்டினால் அன்று சொல்லிக்கொள்ளலாம் என்று. யாரும் கண்டுபிடிக்கவில்லை.

அவர் என்னைவிட ஓர் அடி உயரம். இருக்கையையும் பின்னால் தள்ளித்தான் உட்காருவார். அவர் கண் இருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் தொடுவானம் தாழ்ந்து தெரியும். விமானம் மூக்கைத் தூக்குவது போலிருக்கும். கம்பங்கள் வளையும். கண் ஒன்று சொல்லும், உடம்பு ஒன்று சொல்லும், வாந்தி வரும். வராமல் என்ன செய்யும். நான்கு திரை மாற்றினோம். நான்கிலும் தவறில்லை.

அவர் தன் தலைக்குள் ஏதோ ஆகிவிட்டது என்று உட்கார்ந்திருக்கிறார்.

ஜூன் 21, சனி

மனோகரன் சாரிடம் சொன்னேன். முன்கூட்டியே தாளில் எழுதி மனப்பாடம் செய்துகொண்டு போனேன். இரண்டாவது வரியிலேயே மறந்துவிட்டது. அவர் கதவைச் சாத்தச் சொன்னார்.

"வேற யாருகிட்ட சொன்ன?"

"யார்கிட்டயும் இல்லீங்க சார்."

"சொல்லாத. அறிக்கையில என் பேரு இருக்கு. புரொஜக்டர் லென்ஸ்ல பிரச்சினைன்னு போட்டுக்கலாம். செவ்வாய்க்கிழமை போயி சத்தமில்லாம நம்பரை மாத்திட்டு வா."

"திங்கக்கிழமை ஸ்கேன் எடுக்கறாங்க சார்."

"எடுக்கட்டுமே. அந்த வயசுல எல்லாரும் எடுக்க வேண்டியதுதான். நல்லதுதானம்மா?"

"பெர்னாட் அண்ணனைத் திட்டினீங்களே சார்."

இதை நான்தான் சொன்னேனா என்று எனக்கே சந்தேகம். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "முப்பதாம் தேதி உனக்கு கன்ஃபர்மேஷன் இருக்கு. ஞாபகம் இருக்கில்ல? போ."

அம்மா போன் செய்தாள். பக்கத்து வீட்டில் என் வேலை நிரந்தரமாகப் போகிறது என்று அப்பா சொல்லிவிட்டாராம். எங்கள் வீட்டில் மாதச் சம்பளம் என்ற வார்த்தையே என்னால்தான் வந்தது. மஞ்சள் மண்டியில் அவர் மூட்டை தூக்கும் இடத்திலும் சொல்லிவிட்டாராம்.

ஜூன் 22, ஞாயிறு

காலையில் சரவணம்பட்டிக்குப் போனேன். தனியாக. இரண்டு முறை அந்தத் தெருவைத் தாண்டிப் போய்த் திரும்பினேன். ஒரு நாய் என்னைச் சந்தேகமாகப் பார்த்தது.

தெய்வசிகாமணி சார் கூடத்தில் டிவி போடாமல் டிவிக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். நான் நின்றுகொண்டே சொன்னேன். நான் என் கண்ணை அளந்துவிட்டேன், உங்களுக்கு ஒன்றுமில்லை சார், என்று. இவ்வளவுதான் வந்தது.

அவர் என் பக்கம் திரும்பினார்.

"கமலா சொல்லி வந்தியா?"

"இல்லீங்க சார்."

"என்னைச் சமாதானப்படுத்தறதுக்கு ஒண்ணும் நீ வர வேண்டியதில்ல அம்மிணி. எங்கண்ணனுக்கும் இப்பிடித்தான் ஆளாளுக்கு வந்து ஒண்ணுமில்லீன்னாங்க."

நம்பவில்லை. நான் எதிர்பார்த்தது திட்டு. அதற்குத்தான் தயாராகப் போயிருந்தேன். இதற்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. "மேல வாங்க சார்" என்றேன். குரல் கொஞ்சம் கத்தலாகவே வந்திருக்க வேண்டும். கமலவேணி அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, சாவியை எடுத்துக்கொண்டு முன்னால் ஏறினார்கள்.

அவரை உட்காரச் சொன்னேன். இருக்கையை அவருக்கு வசதியான இடத்துக்குத் தள்ளச் சொன்னேன். நேராகப் பார்க்கச் சொன்னேன். டேப்பின் ஒரு முனையைத் தரையில் காலால் மிதித்துக்கொண்டு இன்னொரு கையை அவர் கண்ணோரத்துக்குக் கொண்டுபோனேன். அவர் இமை இரண்டு முறை அடித்தது.

"அசையாதீங்க சார்."

121. முன்சட்டத்துக்கு 77.

கமலவேணி அம்மாவிடம் டேப்பைக் காட்டினேன். பழைய தாளையும் காட்டினேன். அவர்கள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்கள். மென்பொருளில் எண்களை மாற்ற எனக்குப் பத்து நிமிடம் ஆனது. திரையில் தொடுவானம் மெதுவாக ஏறி நின்றது.

முதல் முறை சுற்றி வந்தார், இறங்கவில்லை. இரண்டாம் முறை இறங்கினார். சக்கரம் தொட்டதே தெரியவில்லை. விமானம் ஓடுதளத்தின் நடுக்கோட்டில் ஓடி நின்றது. அவர் கைப்பிடியை விடவில்லை. எஞ்சின் சத்தம் ஓடிக்கொண்டே இருந்தது. கமலவேணி அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கீழே போய்விட்டார்கள்.

"பதினோரு நாளா" என்றார். என்னைப் பார்க்காமல். "பதினோரு நாளா தெனமும் காலைல எந்திரிச்சு ரெண்டு கையையும் தூக்கிப் பாக்கறேன். ரெண்டும் ஒரே மட்டத்துக்கு வருதான்னு. அவளுக்குத் தெரியாம."

நான் டேப்பைச் சுருட்டினேன்.

"அன்னைக்கே சொல்றதுக்கு என்ன? நான் என்ன கடிச்சா வெச்சிருப்பேன்?"

டேப்பைப் பையில் போட்டேன்.

மகனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். சபரீஷ் கேட்டுவிட்டு, "அப்பா, ஒரு பொண்ணு வந்து டேப்பு வெச்சுச்சுன்னு நான் சாவியக் குடுக்க முடியுமா? கம்பெனிக்காரங்க சமாளிக்கறதுக்கு ஆயிரம் சொல்லுவாங்க. எழுதிக் குடுக்கச் சொல்லுங்க. நாளைக்கு டாக்டர்கிட்டயும் காட்டோணும்" என்றார்.

"எழுதிக் குடு" என்றார். "தமிழ்லயே எழுது. எனக்கும் புரியோணும்."

கோடு போட்ட நோட்டிலிருந்து ஒரு தாள். தேதி போட்டு, 'ஜூன் 3 அன்று கண் உயரம் தவறாக எடுக்கப்பட்டது' என்று எழுதிக் கொடுத்தேன்.

வாசித்தார். "எடுக்கப்பட்டதா? யாரு எடுத்தா? பேய் வந்து எடுத்துச்சா?"

தாளைத் திருப்பி நீட்டினார். நான் அந்த வார்த்தையை அடித்தேன். மனோகரன் சார் கதவைச் சாத்தச் சொன்ன அறை நினைவுக்கு வந்தது. அடித்ததற்கு மேலே எழுதினேன்: 'எடுத்தேன்.' கீழே முழுப் பெயரும் கையெழுத்தும்.

அவர் நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

ஜூன் 23, திங்கள்

கமலவேணி அம்மாவின் செய்தி: ஸ்கேன் நார்மல்.

சபரீஷ் அந்தத் தாளைப் போட்டோ எடுத்து ஆபீசுக்கு அனுப்பிவிட்டார். மனோகரன் சார் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஜூன் 24, செவ்வாய்

பெர்னாட் அண்ணனிடம் சொன்னேன். டீயைக் குடித்து முடித்தார். "நாலு மணி நேரம் மகுடி. முட்டி இன்னும் வலிக்குது. அத்தனை கோட்டையும் உன்ற கண்ணுக்கா நேராக்குனேன்?" கப்பைக் கசக்கிப் போட்டார். "அவ்வளவு பேருக்கு முன்னால நின்னேனே, அப்பச் சொல்லியிருக்கலாமில்ல?"

மாலை வரை என்னை எந்தப் பெயரிலும் கூப்பிடவில்லை.

ஜூன் 30, திங்கள்

தகுதிகாண் காலம் மேலும் மூன்று மாதம் நீட்டிப்பு. காரணம் என்ற இடத்தில், 'அளவீட்டில் கவனக்குறைவு. மேலதிகாரியின் அனுமதியின்றி வாடிக்கையாளருக்கு எழுத்துமூலம் தகவல் அளித்தது.' முதலாவது சரி. இரண்டாவதைப் படித்தபோது காது சுட்டது. கையெழுத்துப் போட்டேன். அப்பாவுக்குப் போன் செய்து சொன்னேன். "எங்க தப்பு?" என்று கேட்டார். சொன்னேன். "செரி" என்றார். மண்டியில் இனி என்ன சொல்வார் என்று கேட்கவில்லை.

பதினொரு மணிக்குத் தெய்வசிகாமணி சார் ஆபீசுக்கு வந்தார். வளைந்த திரை வேண்டாம், எடுத்துக்கொள்ளுங்கள், அறையில் வெளிச்சமே இல்லை, முதலில் வைத்த மூன்று மானிட்டரே போதும் என்று மனோகரன் சாரிடம் சொன்னார். மாட்டுவதற்கு பெர்னாட்டைத்தான் அனுப்ப வேண்டும் என்றார். என்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. போகும்போது தண்ணீர் கேன் பக்கத்தில் நின்று ஒரு டம்ளர் குடித்தார். நான் எழுந்து நின்றேன். டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு என்னைத் தாண்டிப் போனார்.

மன்னிக்கவில்லை. மன்னித்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

ஜன்னலிலிருந்து பார்த்தேன். ஆபீஸ் சந்தில் இரண்டு பக்கமும் பைக்குகள். எங்கள் டிரைவர்களே திட்டிக்கொண்டு மூன்று நான்கு முறை முன்னும் பின்னும் எடுத்துத்தான் வெளியே போவார்கள். அவர் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து, காரில் ஏறி, கண்ணாடியைச் சரிசெய்து, கழுத்தைத் திருப்பிப் பார்த்து, ஒரே ரிவர்ஸில் எந்தப் பைக்கையும் தொடாமல் சந்தின் முனை வரை போய், திரும்பி, மெயின் ரோட்டில் சேர்ந்துவிட்டார்.